தலைமை தாங்க வந்தவர்

இந்தத் தொடரில் இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் நடந்து வருகிறவர்களுக்குத் தெரியும், ரவிச்சந்திரனுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. கார் வாங்கவில்லை, வெளிநாடு போகவில்லை, அதற்காக ஒரு நாளும் வருத்தப்படவும் இல்லை. ஒரே ஓர் ஆசைதான். ரிட்டயர் ஆகிற அன்றைக்குக் கழுத்து நிறைய மாலையோடு, பேண்டு வாத்தியம் முழங்க, திறந்த ஜீப்பில் வீட்டுக்கு வர வேண்டும்.

அந்த நாள் இன்றைக்கு வந்துவிட்டது. ஜீப் வருமா என்பதுதான் கேள்விக்குறி. காரணம், அவர் பெற்ற மகள்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு இது இன்னொரு தீபாவளி. கடைசி ஷிப்டு முடிந்து ஆள் கேட்டுக்கு வெளியே வந்ததும் மாலை போட்டு, வெடி வெடித்து, ஆடிக்கொண்டே குவார்ட்டர்ஸ் வரை கூட்டி வருவார்கள். ஊர்வலத்தில் ஆண்கள் மட்டும்தான். பெண்கள் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருப்பார்கள். மற்றவர்களுக்காக ரவிச்சந்திரன் எத்தனையோ தடவை இப்படித் தெருவில் ஆடியிருக்கிறார். அவருக்கு ஆட வராது என்பது வேறு விஷயம்.

அவருடைய ஊர்வலத்துக்கு ஜீப், பேண்டு, ஆட்கள் எல்லாம் ஏற்பாடு செய்தவர் தசரதன். அப்ரண்டிஸ் காலத்துச் சிநேகிதர். சில வருஷங்களுக்கு முன்பே ரிட்டயர் ஆகி அரசியலில் இறங்கியவர். சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் நடக்கிற பாராட்டு விழாவுக்கும் அவரே தலைமை. ஏரியாவில் எல்லோரும் அவரைக் 'கவுன்சிலர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வினையே அதில்தான். தசரதன் கவுன்சிலரே இல்லை. அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. தேர்தலில் நின்று ஜெயித்து உறுதிமொழி எடுத்துக்கொண்டவர் அவருடைய மனைவி ஜெகதாம்பாள்.

போன வாரம் ரவிச்சந்திரனின் மகள் நிஷா அதைத்தான் தன் வலைப்பூவில் எழுதினாள். வார்டு அலுவலகத்தில் கவுன்சிலர் நாற்காலியில் கணவர் உட்கார்ந்து மனு வாங்குகிறார். ஜெயித்த பெண்மணி வாசல் ஓரம் நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டீ சொல்லி அனுப்புகிறார். 'நாம் ஓட்டுப் போட்டது ஸ்டூலுக்கா?' என்று முடித்திருந்தாள். அந்த ஒரு வரி ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று ஒரு போன் விடாமல் சுற்றி வந்தது.

இன்று காலை ரவிச்சந்திரன் தன் சீருடையைத் தானே இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிப் போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் யூனியன் செயலாளர் நாகப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார். காபி வேண்டாம் என்றார். நாகப்பன் காபி வேண்டாம் என்றால் விஷயம் பெரிசு என்று ரவிச்சந்திரனின் மனைவி ராஜகுமாரிக்குத் தெரியும்.

"அண்ணி, தசரதன் அண்ணன் ஜீப்ப நிறுத்திட்டாரு. மத்யானத்துக்குள்ள பாப்பா எழுதுனத எடுத்துடணுமாம். இல்லாங்காட்டி அவரும் வரமாட்டாரு, பசங்களும் வரமாட்டானுங்கோ. அண்ணாத்தே தனியா நடந்து வர்றத என்னால பாக்க முடியாது அண்ணி."

ராஜகுமாரி பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பது அவர் சுபாவம் இல்லை என்பதால், நாகப்பன் பயந்துபோய்ச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

சென்னீர்குப்பத்து ஃபிளாட்டிலிருந்து லீவு போட்டு வந்திருந்த மகன் கிஷோர் உடனே அக்காவுக்குப் போன் போட்டான். ஒரு நாளைக்கு மட்டும் அதை மறைத்து வைக்கக் கூடாதா, நாளைக்கு மறுபடி போட்டுக்கொள்ளேன் என்று கெஞ்சினான். கடைசியில் ஒன்று சொன்னான். அதுதான் நிஷாவை அசைத்தது.

"அக்கா, இத்தன வருஷத்துல அப்பா உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. அவரு கேக்கமாட்டாரு. அதான் நான் கேக்கறேன்."

நிஷா கோவில்பதாகையில் தனியாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். அந்த வீடு பார்க்க அவள் பட்ட பாடு தனி அத்தியாயமாக முன்பே வந்தது. இப்போது லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பதிவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய வலைப்பூவின் பெயர் 'ஆறு மணிக்கு மேலே'. கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்தது. குவார்ட்டர்ஸ் சுவரை ஒட்டி இருக்கிற மாநகராட்சி மைதானத்தில் பையன்கள் இருட்டும்வரை விளையாடுவார்கள். பெண் பிள்ளைகள் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். அது ராஜகுமாரி போட்ட சட்டம். 'ஆறு மணிக்கு மேலே அந்த மைதானம் யாருடையது?' என்று நிஷா எழுதியதுதான் முதல் பதிவு. தன் சட்டத்தையே ஊர் சிரிக்கிற மாதிரி தலைப்பாக வைத்துவிட்டாள் என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

மைதானத்தில் தொடங்கியவள் சட்டசபைவரை போனாள். ஒவ்வொரு தேர்தலிலும் எந்தக் கட்சி எத்தனை பெண்களை நிறுத்துகிறது, அதில் ஜெயிக்கவே முடியாத தொகுதி எத்தனை என்று கணக்குப் போட்டு வெளியிட்டாள். எதிலும் ஒத்துப்போகாத கட்சிக்காரர்கள் அவளைத் திட்டுவதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். அவள் படத்தை வெட்டி ஒட்டி அசிங்கமாகப் பரப்பினார்கள். அவள் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வந்து, அதைப் பற்றியும் ஒரு பதிவு எழுதினாள். எழுத்தா வேலையா என்று அலுவலகத்தில் கேட்டபோது வேலையை விட்டாள். இன்றைக்குப் பத்திரிகைகள் அவளிடம் கட்டுரை கேட்டு வாங்குகின்றன. கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். அவள் மேடை ஏறினால் முன்வரிசைப் பெண்கள் போனை உள்ளே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். எழுதிய ஒரு பதிவைக்கூட இதுவரை அவள் நீக்கியதில்லை.

அப்பா மட்டும் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. மிரட்டல் போன்கள் வந்த காலத்தில் பேசாமல் ஆளைக் கூட்டி வந்து அவள் வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுப் போனார். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டர் வேலை' என்பார். அவருக்கு இதில் வெட்கமா, கோபமா, பயமா? நிஷாவுக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் உள்ள எல்லோரையும் கேள்வி கேட்டவள் அப்பாவிடம் மட்டும் இதைக் கேட்டதில்லை.

இப்போது கேட்கலாம் என்றாலும் வழியில்லை. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்டு முடிகிறவரை ரவிச்சந்திரன் எட்டாத தூரத்தில் இருந்தார்.

கடைசியில் நிஷா ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரே ஒரு நாள். அப்பா ஜீப்பில் ஏறட்டும். அவருடைய ஆயுளில் ஒரே ஒரு சாயங்காலத்தை அவரிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுத்துவிடலாம் என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

ராஜகுமாரி சமையலறையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தார். நிஷா சொன்னதை முழுசாகக் கேட்டார். கரண்டியை நிறுத்தவில்லை.

"எடுக்காத" என்றார்.

நிஷாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. ஆறு மணிச் சட்டம் போட்ட அம்மாவா பேசுகிறாள் என்று பார்த்தாள்.

ராஜகுமாரி அடுப்பைத் தணித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னார். விழா அழைப்பிதழ் கொடுக்க அன்று அவர் தசரதன் வீட்டுக்குப் போயிருந்தார். தசரதன் வீட்டில் இல்லை. வழக்கப்படி குங்குமச் சிமிழை நீட்டி, வீட்டுக்காரியான ஜெகதாம்பாளிடமே அழைப்பிதழைக் கொடுத்தார். ஜெகதாம்பாள் அதைப் பிரித்துப் படித்தார். 'தலைமை: மாமன்ற உறுப்பினர் திரு. தசரதன்' என்று அச்சடித்திருந்தது. அச்சுக்குக் கொடுத்தவன் கிஷோர். எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே போட்டுவிட்டான். இந்த வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை. ஊர் முழுக்கத் தப்பைக் கண்டுபிடிக்கிற நிஷாவுக்கே இப்போதுதான் தெரிகிறது.

"படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல. சும்மா சிரிச்சாங்க. எனக்கு அந்த இடத்துலயே உடம்பு கூசிப்போச்சு" என்றார் ராஜகுமாரி. "நம்ம பொண்ணு ஊருக்கெல்லாம் எழுதுறா, நம்ம வீட்டுப் பத்திரிகையில இப்படியான்னு. பையில இருந்த பேனாவ எடுத்து, அவர் பேர அடிச்சுட்டு இந்தம்மா பேர எழுதிக் குடுத்தேன். நீங்கதான் தலைமை, வந்துடுங்கன்னேன்."

"வர்றேன்னாங்களாம்மா?"

"சொல்லல. குங்குமம் எடுத்துக்கிட்டாங்க." ராஜகுமாரி மறுபடி கரண்டியை எடுத்தார். "அவங்கள தலைமைக்குக் கூப்பிட்டுட்டு வந்து, நீ எழுதுனத எடுத்துட்டா, நான் எழுதிக் குடுத்ததுக்கு என்ன மரியாத?"

நிஷா அப்படியே அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அடுப்பு பக்கத்தில் விளையாடாதே என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

மதியம் தாண்டியது. பதிவு இருந்த இடத்திலேயே இருந்தது. ஜீப் வரவில்லை. பேண்டுக்காரர்கள் போனை எடுக்கவில்லை. வெடி வாங்கி வைத்திருந்த பையன்கள் தெருமுனையில் நின்று, கிஷோரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஷிப்டு முடிகிற நேரத்தில் ராஜகுமாரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மாலையை எடுத்துக்கொண்டு நிஷாவோடு தெருவில் இறங்கினார். எங்கே போகிறீர்கள் என்று எதிர் வீட்டு சபீனா கேட்டார். கேட்டுக்கு என்றார். பெண்கள் கேட்டுக்குப் போவது வழக்கமில்லையே என்பதை இருவருமே யோசித்திருக்க வேண்டும். சபீனா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்து அடுத்த வரிசை. கேட்டை அடையும்போது இருபது பெண்களுக்குக் குறையாமல் இருந்தார்கள்.

ரவிச்சந்திரன் வெளியே வந்தார். கூட வந்த சக ஊழியர்கள் போட்ட மாலைகள் இரண்டு கழுத்தில் இருந்தன. அவர் கண் ஜீப்பைத் தேடவில்லை என்பதை நிஷா கவனித்தாள்.

"அப்பா, ஜீப்பு..." என்று ஆரம்பித்தாள். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த மன்னிப்பு முழுவதும் மறந்துபோனது.

"தெரியும். காலையில இதே கேட்டுல தசரதன் நின்னான். பொண்ணுகிட்டச் சொல்லி எடுக்கச் சொல்லுன்னான். ஜீப் வேண்டாம், நடந்து வர்றேன்னுட்டேன்." ஒப்படைத்த போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எடுத்துடலியே?"

"இல்லப்பா."

"நல்லது."

ரவிச்சந்திரன் வேலை பார்த்தது தரச் சோதனைப் பிரிவில். அவர் அளந்து பார்த்து முத்திரை போடாமல் ஒரு போல்ட்டுகூட அடுத்த ஷெட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகாது.

"நீ எழுதுறதுல பாதி எனக்குப் பிடிக்காது. ஆனா அளவு தப்பா எழுத மாட்ட" என்றார். "சனிக்கிழம நான் வார்டு ஆபீஸுக்குப் போய்ப் பாத்தேன். எழுதியிருக்கறபடிதான் இருக்கு. என் சர்வீஸ்ல சிநேகிதத்துக்காக நான் ஒரு முத்திரையையும் அழிச்சதில்ல. உன்ன மட்டும் எப்படி அழிக்கச் சொல்லுவேன்?"

நிஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. தெருவென்றும் பார்க்காமல் அழுதாள். இத்தனை வருஷம் கேட்காத கேள்விக்கு நின்ற இடத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. எத்தனை மேடைகளில் கைதட்டு வாங்கினாலும் இதற்கு ஈடு கிடையாது.

"ஒண்ணே ஒண்ணுதான் தப்பு" என்றார் அப்பா. "ஸ்டூல் நீலம்னு எழுதியிருக்க. அது பச்சை."

"நீலம்தான்பா. நான் பாத்தேன்."

"பச்சை" என்று சொல்லிவிட்டு அவர் நடக்கத் தொடங்கினார்.

பேண்டு இல்லை, வெடி இல்லை. ஆனால் இப்படி ஓர் ஊர்வலத்தை அந்தக் குவார்ட்டர்ஸ் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுவில் ரவிச்சந்திரன், ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மகள், பின்னால் இத்தனை காலமும் வாசலில் தட்டோடு காத்திருந்த பெண்கள். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். சமுதாயக் கூடம்வரை அந்தக் கைதட்டல் நிற்கவில்லை. வழியில் ரவிச்சந்திரன் இரண்டு எட்டு ஆடவும் செய்தார். அவருக்கு ஆட வராது என்று மறுபடியும் எல்லோருக்கும் தெரிந்தது.

கூடத்தின் மேடையில் நடு நாற்காலி காலியாக இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று கிஷோர் மெதுவாகக் கேட்டான். இருக்கட்டும் என்றார் ராஜகுமாரி. நாகப்பன் வரவேற்புரையை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தார். அப்ரண்டிஸ் காலத்துக் கதையை இரண்டாம் தடவை அவர் ஆரம்பித்தபோது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

ஜெகதாம்பாள் இறங்கினார். கூட யாரும் இல்லை. கையில் அழைப்பிதழ் இருந்தது.

கூடமே எழுந்து நின்றது. அவர் பழக்கத்தில் நேரே சுவர் ஓரத்து பெஞ்சுக்குப் போனார். ரவிச்சந்திரன் மேடையிலிருந்து இறங்கி வந்து, கையைக் கூப்பி, நடு நாற்காலியைக் காட்டினார். ஜெகதாம்பாள் அதைப் பார்த்தார். அழைப்பிதழைப் பார்த்தார். பிறகு மெதுவாக மேடையேறி அந்த நாற்காலியில், முதலில் நுனியிலும் அப்புறம் நன்றாகச் சாய்ந்தும் உட்கார்ந்தார்.

மைக்கைக் கொடுத்தபோது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனுக்கு மைக்குல பேசிப் பழக்கமில்ல" என்றார். "இதுல தலைமைன்னு எம் பேர எழுதிக் குடுத்தாங்க. அப்ப நான்தான வரணும்? அதான் வந்துகீறேன். ரவி அண்ணன் நல்லா இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "நிஷா எழுதினத நானும் படிச்சேன். பொய்யின்னு ஊட்ல சொல்றாங்கோ. அந்த ஸ்டூலு நீலம் இல்ல, பச்ச. அத்தத் தவிர எல்லாம் நெசம்."

கூடம் சிரித்து அடங்க நேரமானது. ரவிச்சந்திரன் மகளைத் திரும்பிப் பார்த்தார். நிஷா அப்போதே போனை எடுத்து அந்தப் பதிவில் நீலத்தை அழித்துப் பச்சை என்று போட்டு, கீழே தவறுக்கு வருத்தமும் தெரிவித்தாள். அவள் எழுத்து வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமாக ஒரு தப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"திங்கக்கெழம மாமன்றக் கூட்டம் கீது" என்று ஜெகதாம்பாள் முடித்தார். இப்போது குரல் கடைசி வரிசைவரை கேட்டது. "கிரவுண்டுக்கு லைட்டு கேக்கப் போறேன். பொம்பளப் புள்ளைங்க ஆறு மணிக்கு மேல வெளையாடணும்."

ராஜகுமாரிக்கு முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

விழா முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். வழக்கப்படி ஆரத்தி எடுக்க வாசலில் பெண்கள் யாரும் மிச்சமில்லாததால், கிஷோர் தட்டைப் பிடித்து அப்பாவுக்குச் சுற்றினான். எந்தப் பக்கம் சுற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சபீனா சொல்லிக் கொடுத்தார். ஜெகதாம்பாளை வீட்டுக் கூடத்தில் பெரிய நாற்காலியில் உட்கார வைத்துக் கேசரி கொடுத்தார்கள். அவருடைய போன் நாலைந்து தடவை அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு மடியிலேயே கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

தெருவில் கார் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு தடவை, பிறகு விடாமல். நாகப்பன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தசரதன் அண்ணன்தான். கார்ல ஒக்காந்துகினு கூப்புடறாரு."

பார்க்காத மாதிரி எல்லோரும் ஜெகதாம்பாளையே பார்த்தார்கள். அவர் வாயில் இருந்த கேசரியை நிதானமாக விழுங்கினார்.

"சாப்டுகினு கீறேன்னு சொல்லுங்க. வோணும்னா அவரு உள்ள வரட்டும்."

ஹாரன் நின்றது. கார்க் கதவு அறைந்து சாத்துகிற சத்தம், பிறகு படியேறுகிற செருப்புச் சத்தம். தசரதன் நிலைப்படியில் வந்து நின்றார். ரவிச்சந்திரன் எழுந்து, "வா தசரதா" என்று உண்மையான சந்தோஷத்தோடுதான் கூப்பிட்டார். முப்பது வருஷத்துக்கும் மேற்பட்ட சிநேகிதம் ஒரு ஜீப்போடு போய்விடாது.

ஆனால் கூடத்தில் இடமில்லை. இருந்த நாற்காலிகளில் எல்லாம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்களில் ஒருவருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ராஜகுமாரி சமையலறைக்குள் போனார். கேசரிக்கு முந்திரி எடுக்க ஏறி நின்ற ஸ்டூலைத் துடைத்து எடுத்து வந்து, வாசல் ஓரம் மரியாதையாகப் போட்டார்.

"உக்காருங்கண்ணே, கேசரி கொண்டாறேன்" என்றார்.

தசரதன் ஸ்டூலைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். ஜெகதாம்பாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.